கஃபார் மாஸ்டரின் நாக்கு

ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சொத்து இருக்கும். சிலருக்கு மனை, சிலருக்கு மாடி வீடு, சிலருக்கு கேம்ப் ரோட்டில் வாடகைக்கு விட்ட கடை. அப்துல் கஃபாருக்கு இருந்தது ஒரு வாக்கியம்: "என்னை எனக்குத் தெரியும்." பட்டா வேண்டாம், வில்லங்கம் பார்க்க வேண்டாம். போன இடத்தில் எல்லாம் அதைப் பாய்போல விரித்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சாஜிதா அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாள்முதல், அவரோடு சேர்த்து அந்த வாக்கியத்தோடும்தான் குடித்தனம் நடத்துகிறாள். ஒரு மாமியார் இருந்திருந்தால்கூட என்றாவது வாய் ஓய்ந்திருப்பாள். இந்த வாக்கியம் ஓயவில்லை.

கஃபார் பிறந்தது பம்மலில். வாப்பா தோல் ஷெட்டில் தொட்டிக்குள் நின்று தோல் ஊறவைத்தவர். மகனையும் அங்கேயே இழுத்துப்போய்ச் சேர்த்தார். சில மாதங்களில் மகன் வெளியே வந்துவிட்டார். "இந்த நாத்தத்துல நிக்கிற மூக்கு இல்ல இது. என்னை எனக்குத் தெரியும்." உண்மையில் நடந்தது வேறு. வெயில் ஏறிய பிறகே வேலைக்கு வருகிறான் என்று மேஸ்திரி துரத்திவிட்டார். அடுத்து சவூதி. போன சூட்டோடு திரும்பி வந்தார். "அடுத்தவன் எதிர்ல கைகட்டி நிக்கிற ரத்தமா இது?" கூடப் போனவர்கள் வீடு கட்டியதும், இவர் அங்கே மொட்டைமாடியில் படுத்து அழுததும் வேறு கதை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்கப்போய், ஏர்ஃபோர்ஸ் ரோட்டில் நின்றுகொண்டிருந்த எருமைமேல் ஏற்றினார். அன்றோடு வண்டியைத் தொடவில்லை. "நான் ஓட்டுனா வேகமா ஓட்டுவேன். அதனாலதான் ஓட்டுறதில்ல." எருமைக்கு மட்டும் பேசத் தெரிந்திருந்தால்!

தோற்ற இடத்தில் எல்லாம் மனிதர் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். இப்படிக் கண்டுபிடித்துக்கொண்டே போனால் ஒருவனுக்குத் தோல்வியே கிடையாது.

ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பழைய பிரியாணி மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, வெங்காயம் உரித்து, பிரியாணி அண்டாவான தேக்சாவைக் கழுவி, கடைசியில் கரண்டியைக் கையில் வாங்கினார். கை நல்ல கைதான். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் வரைக்கும் கல்யாணக்காரர்கள் தேடி வந்தார்கள். தேக்சாவைத் திறந்ததும் வரும் வாசனையிலேயே உப்பைச் சொல்வார். அப்போது சொன்னது சரியாகவும் இருந்தது. வம்பே அங்கேதான் தொடங்கியது. ஒரு காலத்தில் சரியாக இருந்தவனுக்குத்தான் தான் இப்போது சரியில்லை என்பது கடைசியில் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது.

வெற்றிலையும் ஜர்தாப் புகையிலையும் அந்த நாக்கைத் தின்றுவிட்டன. கன்னத்தில் எந்நேரமும் ஓர் உருண்டை. சாஜிதாதான் முதலில் கண்டுபிடித்தாள், அதுவும் தற்செயலாக. ஒருநாள் ரசத்துக்கு உப்பு போட மறந்துவிட்டாள். மாஸ்டர் சோற்றில் ஊற்றிப் பிசைந்து உறிஞ்சி, "ரசம்னா இது ரசம்" என்றார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் வேண்டுமென்றே இரண்டு பங்கு உப்பைப் போட்டாள். அதே ரசனை, அதே ஏப்பம். அதற்கடுத்த நாள் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கீதா?" என்றார்.

அன்று அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. இந்த ஆளின் நாக்கை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஒருநாள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்ச நாளா உப்பு முன்ன பின்ன ஆவுதுன்னு பேசிக்கிறாங்க. ஒரு டாக்டர் கிட்ட காட்டினா என்ன?"

"எதை?"

"நாக்கைத்தான்."

மாஸ்டர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் நாக்கு என் வாய்க்குள்ள கீது. உன் வாய்க்குள்ள இல்ல. அதைப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?" கோபம் ஆறும்வரை வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் கேம்ப் ரோட்டுக் கடையில் புரோட்டா தின்றார். அதில் உப்பு இருந்ததா என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

அதன்பிறகு சாஜிதா சொல்வதை நிறுத்திவிட்டாள். வேறு ஓர் ஏற்பாடு செய்தாள். அவள் தம்பி முதாசிர், தொப்பையும் நரையும் விழுந்த ஆள், மாஸ்டருக்கு வலதுகை. மாஸ்டர் உப்பைப் போட்டுவிட்டு வெற்றிலை மடிக்க ஒதுங்கும் சமயம் பார்த்து முதாசிர் ருசி பார்ப்பான். குறைந்தால் போடுவான். கூடினால் எலுமிச்சம்பழமோ தயிரோ வெந்நீரோ விட்டுச் சரிக்கட்டுவான். தட்டில் விழுந்தது முதாசிரின் உப்பு. புகழ் வந்தது மாஸ்டருக்கு. இந்தக் களவில் பங்கு இல்லாதவர் கஃபார் ஒருவர்தான்.

இப்படியே போயிருந்தால் சாகும்வரை அவர் தன்னை அறிந்தவராகவே இருந்திருப்பார். இரண்டாயிரத்து ஆறாம் வருஷ நோன்புதான் குறுக்கே வந்தது.

நோன்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இமாம் ஹஜரத் பயான் செய்தார். மனிதன் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும், தன் குறையைத் தான் அறியாதவன் வேறு எதை அறிந்து என்ன பயன் என்று உருக்கமாகப் பேசினாராம். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கஃபார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்னைக்கு ஹஜரத் முழுக்க என்னைப் பத்திதான் பேசினாரு சாஜிதா."

"பேரைச் சொன்னாரா?"

"பேரு எதுக்கு? கேட்டவனுக்குத் தெரியாதா?"

கண்ணாடி விற்கிறவன் எதிரில் குருடன் போய் நின்று, என் முகத்தைப் பார்த்துத்தான் இவன் கண்ணாடி செய்தான் என்றானாம். சாஜிதா துணியை மடித்தாள்.

அந்தச் சூட்டிலேயே அவர் இன்னொரு காரியமும் செய்துவிட்டு வந்திருந்தார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிவந்த பழைய மாஸ்டர் வயதாகி வாணியம்பாடியில் இருக்கும் மகனோடு போய்விட்டார். கஞ்சிச் சட்டி யாருக்கு என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பல்லாவரத்து மாஸ்டர் ஒருவர் கண் வைத்திருந்தார். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவருக்குக் கூலி பெரிதல்ல. பெயர்தான் பெரிது. ஊர் முழுக்கத் தூக்குவாளியில் அவர் கைப்பக்குவத்தை வாங்கிக்கொண்டு போகும். நோன்பு முடிந்து ஷவ்வால் மாதம் பிறந்தால் கல்யாணம் குவியும். கஞ்சி குடித்தவன் அந்த வாசலுக்குத்தான் வருவான். நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியிடம் போய் கஃபார் வீரம் பேசியிருந்தார்.

"நோன்பு வெச்சுக்கினு ருசி பாக்க முடியாது. பாக்காம உப்பு போடத் தெரிஞ்சவன் இந்த ஏரியாவுல ஒருத்தன்தான்."

முத்தவல்லி வழவழ என்று பேசுகிறவர். "முதல் பத்து நோன்பு நீங்க காய்ச்சுங்க மாஸ்டர். ஜமாத் குடிச்சுப் பாக்கட்டும். அப்புறம் சட்டி யாருக்குன்னு முடிவு பண்ணுவோம்" என்றார்.

சாஜிதாவுக்குத்தான் ஆபத்து புரிந்தது. வருஷம் முழுக்க முதாசிரின் நாக்கு காப்பாற்றியது. நோன்பில் முதாசிருக்கும் வாய் கட்டு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் சமைக்கிறவனுக்கு நோன்பு முறியாது என்று ஹஜரத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் பகலெல்லாம் காய்ந்த வாயில் கறிக்கஞ்சியை வைத்துத் துப்புவதற்கு நெஞ்சுரம் வேண்டும். முதாசிருக்குத் தொப்பை உண்டு, நெஞ்சுரம் கிடையாது.

அந்தப் பள்ளிவாசலில் இதற்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. சந்து முனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் தனம்தான் கஞ்சிக்கு உப்பு பார்ப்பாள். அவளுக்கு முன்னால் அவள் அம்மா கன்னியம்மா பார்த்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் ஒரு கிண்ணம் கஞ்சி அவள் கடைக்குப் போகும். குடித்துவிட்டு, "உப்பு பத்தல பாய்" என்றோ, "இறக்குங்க" என்றோ சொல்வாள். அவள் சொன்ன பிறகுதான் ஜமாத்துக்குக் கஞ்சி. தனத்துக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. "நான் பாஸ் போட்டாதான் முத்தவல்லிக்கே கஞ்சி" என்று இட்லி வாங்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வாள்.

கஃபார் சட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த வழக்கத்தை வெட்டினார். "என் கையில காய்ச்சுற கஞ்சிக்கு இட்லிக்கடைக்காரி இன்னா உப்பு பாக்கறது? ரயில்வே இன்ஜினுக்கு சைக்கிள் கடைக்காரன் சர்டிஃபிகேட்டா?"

வெட்டியதை சாஜிதா பின்பக்கமாக ஒட்டினாள். பள்ளிவாசலின் பின்புறத் தகரக் கொட்டகையில் கஞ்சி அடுப்பு. கொட்டகைக்கும் அவர்கள் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு சுவர்தான். தனம் அடுத்த வீடு. மாஸ்டர் உப்பைக் கொட்டிக் கிளறிவிட்டு, முன்வாசலில் போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் தன்னைப் பற்றி உரையாற்றப் போவார். அந்த நேரம் முதாசிர் ஒரு கிண்ணம் கஞ்சியைச் சுவர் தாண்டி நீட்டுவான். சாஜிதா வாங்கித் தனத்திடம் கொடுப்பாள்.

முதல் நாளே தனம் முகத்தைச் சுளித்தாள். "அக்கா, இன்னா இது, மெரினாவுல மொண்டுகினு வந்தியா?"

அதனால் சாஜிதா ஒரு வேலை செய்தாள். தினமும் வீட்டில் ஒரு பெரிய அண்டா நிறைய, உப்பே போடாத கஞ்சி காய்ச்சினாள். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் உண்டு, உப்பு மட்டும் இல்லை. தனம் குடித்துப் பார்த்துச் சொல்லும் கணக்கில் அது குடம் குடமாகச் சுவர் தாண்டிப் போகும். முதாசிர் சட்டியில் ஊற்றிக் கிளறுவான். மறுபடி ஒரு கிண்ணம். "இப்ப நின்னுச்சு" என்று தனம் சொன்னால் கதை முடிந்தது.

ஜமாத் சப்புக்கொட்டியது. பழைய மாஸ்டர் கஞ்சி எங்கே, இது எங்கே என்றார்கள். கஃபார் ஒவ்வொரு நாளும் ஓரங்குலம் வளர்ந்துகொண்டே போனார். வீட்டு நிலைப்படி இடிக்காமல் இருந்ததே ஆச்சரியம். "பாத்தியா? ஒரு சொட்டு நாக்குல வெக்கல. கை அளவு. என்னை எனக்குத் தெரியும்."

சாஜிதாவின் முதுகெலும்பு முறிந்தது. நோன்போடு அடுப்படி, அண்டா, குடம், சுவர். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். நல்ல வாக்கியம்தான். அதற்கும் பட்டா தேவையில்லை.

பத்தாம் நோன்பு வந்தது. அன்றைய கஞ்சிச் செலவு பம்மல் தோல் வியாபாரி ஒருவருடையது. ஷவ்வாலில் அவர் மகளுக்குக் கல்யாணம். கஞ்சியைக் குடித்துவிட்டுக் கல்யாண பிரியாணி யாருக்கு என்று சொல்வதாக முத்தவல்லியிடம் சொல்லியிருந்தார். கறி வழக்கத்தைவிட அதிகம். மாஸ்டர் காலையிலிருந்தே புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். உப்பைப் போட்டுக் கிளறினார். பிறகு, வியாபாரி வருகிறாரே, சலவைக் கைலி கட்டிக்கொள்ளலாம் என்று வழக்கமில்லாத வழக்கமாக வீட்டுக்குள் வந்தார்.

கொல்லைக் கதவருகில் தனம் கிண்ணமும் கையுமாக நின்றாள். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே முதாசிரின் தலை தெரிந்து, சட்டென்று மறைந்தது.

"இது இன்னா?" என்றார் கஃபார்.

"கஞ்சி, பாய்" என்றாள் தனம்.

"அது தெரியுது. உன் கையில இன்னா பண்ணுது?"

"உப்பு பாக்கறேன்."

"எவன் கஞ்சிக்கு?"

"உன் கஞ்சிக்குதான். தெனம் பாக்கறதுதானே? இன்னாமோ இன்னைக்குப் புச்சா கேக்கற!"

சாஜிதா கண்ணால் அடக்கிப் பார்த்தாள். தனத்தின் வாய் கண்ணுக்கு அடங்குகிற வாயா?

மாஸ்டர் முகம் கறுத்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. "சரி, பாத்துட்டே. இன்னா சொல்றே? எப்படி கீது?"

"கோச்சுக்காத பாய். வாயில வெக்க முடியல. மாடு நக்குனாகூட தண்ணி தேடி தாம்பரம் ஏரிக்கு ஓடும்."

கஃபார் சிரித்தார். உண்மையாகவே வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தினி நாளா ஜமாத்தே நக்கிக்கினு கீது, ஒருத்தன் ஏரிக்கு ஓடல. இவ வந்துட்டா! சாஜிதா, கேட்டியா?" அப்போதுதான் அண்டா கண்ணில் பட்டது. மூடியைத் தூக்கினார். "இது யாருக்கு?"

இந்த இடத்தில் சாஜிதா சொல்லியிருக்கலாம். அத்தனை நாளும் ஊர் புகழ்ந்தது இதைத்தான், உங்கள் கையை அல்ல என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் நின்றுகொண்டிருந்தது. கடைவாய்க் காவியோடு, தன்னை அறிந்த சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க, இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட அந்த ஒரே வாக்கியம் அவள் காதில் ஒலித்தது. தெரியட்டும். இன்றைக்காவது இந்த ஆளுக்குத் தன்னைத் தெரியட்டும். சொன்னால் நம்ப மாட்டார். ஊரே முகம் சுளித்தால் நம்புவார்.

"வீட்டுக்குத்தான்" என்றாள். "நீங்க போங்க. உங்க கஞ்சியை நீங்களே பாத்துக்குங்க."

அவர் போனதும் சுவருக்கு மேல் முதாசிர் தலை மறுபடி முளைத்தது. "அக்கா, குடத்தைக் குடு, நேரம் ஆவுது."

"இன்னைக்குக் குடம் இல்ல."

"என்னக்கா விளையாடுறே? அந்தப் பம்மல்காரர் வர்றாரு. கல்யாணம் போயிடும்!"

"போகட்டும்."

"போனா வயித்துக்கு?"

அவள் அடுப்பை அணைத்தாள். தனம் மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, உனக்கு இன்னைக்கு இன்னாமோ புடிச்சிகீது."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்து, சாஜிதா தூக்குவாளியில் வந்த பள்ளிவாசல் கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருண்டது. பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் கிடந்த நாக்கில் அது சுண்ணாம்புபோல எரிந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக்கொண்டாள். சந்துக்குள் வீட்டுக்கு வீடு குழாயடிச் சத்தம் கேட்டது. இனி பள்ளிவாசலில் கூச்சல் கிளம்பும், கரண்டி பறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு சத்தமும் வரவில்லை.

முதாசிர் வந்து சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது, பிடித்தால் சாப்பிடு, பிடிக்காவிட்டால் வைத்துவிடு என்பது சின்ன வயதிலிருந்தே ஊட்டி வளர்த்த பழக்கம். அத்தனை பேரும் ஒரு வாய் குடித்தார்கள். கோப்பையைக் கீழே வைத்தார்கள். வடையை எடுத்தார்கள், தண்ணீரை எடுத்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பம்மல் வியாபாரி "மாஷா அல்லா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

"உன் மச்சான் என்ன பண்ணாரு?"

"அவரு..." முதாசிருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அவரு முழுக் கோப்பையும் குடிச்சாருக்கா. ரெண்டாவது ஊத்தினாரு. அப்பதான் நிமிர்ந்து பாத்தாரு. வரிசையா அத்தனை கோப்பையும் ரொம்பி நிக்குது. இவரு கோப்பை மட்டும் காலி."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது சாஜிதா எழுந்து நின்றாள். திட்டுவாரா, உடைவாரா? எதற்கும் தயாராக இருந்தாள். அவர் நேராக அடுப்படிக்குப் போனார். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொன்று வைத்தார். பிறகு ஒரு பிடியை அள்ளி வாயில் போட்டு மென்றார். சாஜிதா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் முகம் விதைத்தும் முளைவிடாத நிலத்தைப் பார்க்கிறவன் முகம்போல இருந்தது. துப்பிவிட்டு வந்து, சுவரில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை நீட்டிப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்து, பழைய செருப்பின் அடிபோல இருந்தது அது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. இந்த ஆளோடு வாழ்ந்த நாளில் அவருக்காக வந்த கண்ணீர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் வீணாகத்தான் போனது.

மறுநாள் காலை சுபுஹு தொழுகை முடிந்து கூட்டம் கலைவதற்குள் கஃபார் எழுந்து நின்றார். முதாசிர்தான் ஓடிவந்து சொன்னான். முத்தவல்லி, ஹஜரத், மொத்த ஜமாத்தும் இருந்ததாம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் நாக்கு செத்துப்போச்சு. உப்பு தெரியல. யாரும் சொல்லி எனக்குத் தெரிஞ்சதில்ல, நானே கண்டுபிடிச்சேன். வேற எவனா இருந்தாலும் மறைப்பான், மழுப்புவான். நான் பள்ளிவாசல்ல நின்னு சொல்றேன். ஏன்னா என்னை எனக்குத் தெரியும்!"

ஹஜரத் கலங்கிவிட்டாராம். தன் குறையைத் தானே சபையில் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று தோளைத் தட்டினாராம். முத்தவல்லி, சட்டி மாஸ்டரிடமே இருக்கட்டும், பழையபடி தனத்திடம் ஒரு கிண்ணம் அனுப்பி உப்பு பார்த்துக்கொண்டால் போச்சு என்றாராம். அது தன் யோசனைதான் என்று கஃபார் அங்கேயே சொல்லிவிட்டாராம். பள்ளிவாசல் நிறைய மாஷா அல்லா. ஒரு சட்டி உப்புக் கஞ்சியில் இவ்வளவு புண்ணியம் தேறும் என்று யார் கண்டது!

பம்மல் வியாபாரி மட்டும் அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்கவில்லை. கல்யாண பிரியாணியைப் பல்லாவரத்து மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டார். தன்னை அறிந்தவனை அவர் தேடவில்லை, உப்பை அறிந்தவனைத் தேடினார்.

"கல்யாணம் போச்சு" என்றாள் சாஜிதா, மாஸ்டர் வீட்டுக்கு வந்ததும்.

"போனா போவட்டும். ஜமாத் எதிர்ல நின்னேன் பாரு, அதுக்கு ஈடாவுமா?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முதாசிர் எல்லாம் உளறிட்டான். வருஷக் கணக்கா என் முதுகுக்குப் பின்னால உப்பு போட்டிருக்கீங்க."

"நம்ம பொழப்புக்குத்தானே..."

"பொழப்புக்குன்னா நேத்து ஏன் நிறுத்துனே? குடம் ரெடியா இருந்துச்சே?"

சாஜிதா கையில் இருந்த சொம்பைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள்.

"உன்னைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியல சாஜிதா" என்றார் கஃபார் பரிதாபமாக. பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட தோரணையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சொம்பை எறிந்திருப்பாள். எறியவில்லை. எருமை பேசியது போல, ஆயிரம் அபத்தம் பேசுகிற ஆள் வாயிலிருந்து ஒன்று தப்பித்தவறிச் சரியாக விழுந்துவிட்டது. அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. குடும்பத்துக்காகக் குடம் தூக்கியவள் குடும்பத்துக்காகத்தானே நேற்றும் தூக்கியிருக்க வேண்டும்? இத்தனை வருஷமும் அவருடைய உப்பு தன் கையில் இருந்தது பாரமா, ருசியா? அதற்குமேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தாள்.

பகல் சாய்ந்ததும் கொட்டகையில் கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. இந்தத் தடவை கிண்ணம் சுவர் தாண்டி வரவில்லை. தட்டில் வைத்து, மேலே துணி மூடி, முன்வாசல் வழியாக முதாசிர் தனம் வீட்டுக்கு ஊர்வலம்போல எடுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே மாஸ்டர்.

தனம் குடித்துப் பார்த்தாள். "உப்பு தூக்கல் பாய். தண்ணி வுடு."

"அதான் எனக்குத் தெரியுமே!" என்று கஃபார் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "தூக்கலாதான் கீதுன்னு நினைச்சேன். நீயும் கரெக்டா சொல்லிட்டே!"

சாஜிதாவின் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் இன்றும் உப்பில்லாத கஞ்சியைக் காய்ச்சி வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. சுவருக்கு மேல் எந்தத் தலையும் முளைக்கவில்லை. இனி இதை வீட்டில்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். உப்பு ஜாடியை எடுத்தாள். ஒரு பிடி போட்டாள். போதுமா என்று தெரியவில்லை. இன்னும் அரைப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் நோன்புதான்.

பிறகு அதை ஜாடியிலேயே போட்டுவிட்டு, கிண்ணத்தில் மொண்டுகொண்டு கொல்லைக் கதவருகே போய்க் குரல் கொடுத்தாள்.

"தனம், சத்தம் போடாம இங்க வாயேன். இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லிட்டுப் போ."